எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓர் ஒற்றன்

சனிக்கிழமை காலை ஒரு பெட்டி வாங்கினேன். சிவப்புப் பெட்டி. தடித்த அகராதி அளவு இருக்கும். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால்... உள்ளே ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. விசிட்டிங் கார்டு அளவில் ஓர் அட்டை இருந்தது. அதில் இருபத்தைந்து எழுத்துகளும் எண்களும் கலந்து ஒரு வரி. மற்றதெல்லாம் காற்று.

"இத எடுத்துட்டு வரவா அவ்ளோ பெரிய பை கொண்டு போன?" என்றார் என் கணவர்.

அதுதான் ஆன்டிவைரஸ். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு.

இத்தனை வருடம் இல்லாமல் இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். மூன்று வாரமாக என் நெஞ்சு ஒரு நிலையில் இல்லை.

நான் வேலை செய்வது போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் கன்டெய்னர் தடுத்து வைக்கப்பட்டுள்ளது, விவரம் இணைப்பில்' என்று. யாரோ அந்த இணைப்பைக் கிளிக் செய்துவிட்டார்கள். பத்தே நிமிடம். பன்னிரண்டு மேசையிலும் பன்னிரண்டு திரையும் கறுப்பாகிவிட்டன. நடுவில் மட்டும் ஒரு கடிதம் — பணம் கட்டினால் திறந்துவிடுவார்களாம். மிக மரியாதையான ஆங்கிலம். எங்கள் மேனேஜர்கூட அத்தனை மரியாதையாக எழுதியதில்லை.

வெளியே லோரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, "அக்கா, கேட் பாஸ் எங்க?" என்று கேட்டார்கள். பேனாவைத் தேடி எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தோம். என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. வெளியிலிருந்து ஆட்கள் வந்து, சேமித்து வைத்திருந்த பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்க இரண்டு நாள் ஆனது.

பாஸ் யாரையும் ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யாரு கிளிக் பண்ணது?"

பன்னிரண்டு பேரும் அவரவர் கீபோர்டைக் குனிந்து பார்த்தோம்.

அன்று முதல் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலே எனக்குப் பயம். அதில் என்னதான் இல்லை? என் மகள் தர்ஷினி தவழ்ந்த படத்திலிருந்து இந்த வருட எஸ்பிஎம் பரீட்சைக்கான பயிற்சித் தாள்கள் வரை இருக்கின்றன. பத்திரிகைக்கு நான் எழுதிய பத்திகள் அத்தனையும் இருக்கின்றன.

அது எங்கள் ஹாலில், அடுப்பங்கரையிலிருந்து பார்த்தால் திரை தெரிகிற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. தற்செயலாக அல்ல... நான்தான் வைத்தேன். ஆனால் அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. பள்ளி விட்டு வந்ததும் தர்ஷினி அங்கே உட்கார்ந்து எதையாவது தட்டிக்கொண்டே, எனக்கு முதுகைக் காட்டியபடி, அன்றைய கதை முழுவதையும் சொல்லுவாள். எந்த டீச்சர் யாரை ஏசினார், எந்தத் தோழி யாருடன் பேசுவதில்லை — எல்லாம். முகத்தைப் பார்த்துக் கேட்டால் ஒன்றும் வராது. நான் வெங்காயம் நறுக்க வேண்டும், அவள் திரும்பாமல் பேச வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணிடம் கதை கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

சரி, ஆன்டிவைரஸுக்கு வருகிறேன். எதை வாங்குவது?

மேருவில் இருக்கும் என் தம்பியைக் கேட்டேன். "எதுக்குக்கா வாங்கிக்கிட்டு? கம்ப்யூட்டரோட வர்றதே போதும்லா" என்றான். செராஸில் இருக்கும் அண்ணியைக் கேட்டேன். அவர் இரண்டு போட்டிருக்கிறாராம். "ஒண்ணு அசந்தா இன்னொண்ணு பாத்துக்கும்" என்றார். இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொள்வதில், அவர் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் சோறு வெந்துவிடுகிறது என்பதைப் பிறகுதான் சொன்னார்.

யாரையும் நம்பாமல் கடைக்கே போனேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் பின்புறம் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. கடைக்காரத் தம்பி டாக்டர் மாதிரிக் கேள்வி கேட்டார்.

"எத்தனை கம்ப்யூட்டர் அக்கா?"

"ஒண்ணுதான்."

"ஆன்லைன் பேங்கிங் பண்ணுவீங்களா?"

"பயம் தம்பி. கவுன்டருக்குத்தான் போவேன்."

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. பதினேழு வயசு."

கையில் எடுத்திருந்த நீலப் பெட்டியைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிட்டு, சிவப்புப் பெட்டியை எடுத்தார். "அப்ப இதான். ஃபேமிலி. வைரஸும் பிடிக்கும், பிள்ளை என்ன பாக்குது, எவ்ளோ நேரம் பாக்குதுன்னு உங்க போனுக்கே ரிப்போர்ட் அனுப்பும்."

"அதெல்லாம் வேணாம் தம்பி. அவ நல்ல பொண்ணு."

"இங்க வர்ற எல்லா அம்மாவும் அதான் அக்கா சொல்றாங்க" என்றார்.

சிவப்பையே வாங்கிவிட்டேன்.

தர்ஷினி டியூஷன் போயிருந்த நேரத்தில் அதைப் போட்டேன். அந்த இருபத்தைந்தில் எது சைபர், எது ஓ என்று பிரிக்கவே அரை மணி நேரம். கடைசியில் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதும் ஒரு கட்டம் வந்தது. 'பிள்ளையின் பெயர்?'

அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. இருக்கவும் முடியாது. இருந்தாலும் பார்த்தேன். பெயரைத் தட்டினேன். 'பிள்ளை 1: தர்ஷினி.' அதற்குமேல் மனசு வரவில்லை. 'பிறகு' என்ற பொத்தானை அழுத்தி நகர்ந்துவிட்டேன்.

அடுத்து ஸ்கேன். என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பச்சைக் கோடு நகர்ந்தது. பதினைந்து சதவீதம்... நாற்பது சதவீதம்... மருத்துவமனையில் வயிற்றில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டு, டாக்டர் ஒன்றும் பேசாமல் திரையையே பார்ப்பாரே, அந்த மாதிரி இருந்தது.

எழுபதைத் தாண்டியதும் திரை முழுக்கச் சிவப்பு.

உளவு மென்பொருள் பிடிபட்டதாம். இந்தக் கம்ப்யூட்டரில் அழுத்தப்படும் ஒவ்வொரு விசையையும் ஒரு புரோகிராம் கவனித்துக்கொண்டிருக்கிறதாம். ஆபத்து மிக அதிகமாம். அதன் பெயர் உயிரெழுத்தே இல்லாத நாலைந்து எழுத்தும் இரண்டு எண்களும். கொலைகாரன் பெயர் மாதிரி இருந்தது.

ஒவ்வொரு விசையையும்... நினைத்துப் பாருங்கள். என் பாஸ்வேர்டு, என் கடிதம், இந்தப் பத்தி — எல்லாவற்றையும் ஒருவன் கீபோர்டுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

கீழே இரண்டு பொத்தான். ஒன்று, விட்டுவிடு. இன்னொன்று, தனிமைப்படுத்து. தனிமைப்படுத்துவது நமக்குத் தெரியாதா? கோவிட் காலத்தில் முழு நாடே செய்ததுதானே. அழுத்தினேன். ஒற்றன் உள்ளே போனான்.

ஆனால் அவனை உள்ளே விட்டது யார்?

வீட்டில் இருப்பது மூன்று பேர். என் கணவர் அந்தக் கம்ப்யூட்டரில் காற்பந்து முடிவு பார்ப்பார், வேறொன்றும் தெரியாது. நான் போடவில்லை. மிச்சம் யார்? பரீட்சைக் காலத்தில் நான் வைஃபை பாஸ்வேர்டை மாற்றி வைத்துவிடுவதில் கோபம் யாருக்கு? போன மாதம் நான் பின்னால் வந்து நின்றதும் சட்டென்று ஒரு சாட் பக்கத்தை மூடிவிட்டு, "ஒண்ணுமில்லமா" என்றது யார்?

தர்ஷினி டியூஷன் முடிந்து உள்ளே வந்தாள். தோளில் இருந்து பையை இறக்கக்கூட இல்லை.

"யாரு கிளிக் பண்ணது?" என்றேன்.

"என்ன கிளிக்?"

"கம்ப்யூட்டர்ல வேவு பாக்குற புரோகிராம் ஒண்ணு இருந்துச்சு. நாம டைப் பண்றத எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. நானும் போடல, அப்பாவும் போடல."

அவள் திரையைப் படித்தாள். நிதானமாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானேமா போட்டீங்க?"

"நானா?"

"என் சாட் படிக்க."

"நான் எதுக்குடி..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. ஏனென்றால் அவள் கண் மேசைமேல் இருந்த சிவப்புப் பெட்டிக்குப் போய்விட்டது. எடுத்துத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரு படம் — பூதக்கண்ணாடி வைத்திருக்கும் ஓர் அம்மா, பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை. எந்தப் பிள்ளை அப்படிச் சிரிக்கும்? பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மவுஸை இரண்டு தடவை தட்டினாள்.

'பிள்ளை 1: தர்ஷினி.'

"சரிமா" என்றாள். அவ்வளவுதான். அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

படாரென்று சாத்தியிருந்தால் எனக்கும் கத்த ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். மெதுவாகச் சாத்தினால் என்ன செய்வது?

அன்று இரவுச் சாப்பாட்டில் என் கணவருக்குத் தபால்காரர் வேலை கிடைத்தது.

"அப்பா, ரசம் வேணும்னு சொல்லுங்க."

"ரசம் வேணுமாம்" என்றார் அவர் என்னிடம்.

"எனக்கும் காது இருக்கு."

"அப்ப நான் எதுக்கு நடுவுல?"

எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் பதினெட்டு வரியில் என் நிலையை விளக்கி எழுதினேன். அவளிடமிருந்து பதில் வந்தது. ஒரே ஓர் ஆங்கில எழுத்து. கே. 'ஓகே'யில் பாதி.

அவள் திருடவில்லை, ஊர் சுற்றவில்லை. பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான். ஆனால் ஞாயிறு காலை நான் வெங்காயம் நறுக்கியபோது ஹாலில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் சில மாதத்தில் பரீட்சை முடிந்துவிடும். அப்புறம் எந்த ஊர்க் கல்லூரியோ, எந்த ஹாஸ்டலோ. அதுவரைக்கும் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த முதுகும் அந்தக் கதைகளும்தான். அதையும் நானே ஒரு பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டேனா?

ஞாயிறு மதியம் பத்தி எழுத உட்கார்ந்தேன். மாலைக்குள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்ப வேண்டும். தலைப்புகூட முடிவு செய்துவிட்டேன். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளை நம்பலாமா?'

நான் திரையைப் பார்த்துத் தட்டுபவள் அல்ல, கீபோர்டைப் பார்த்துத் தட்டுபவள். கோபம் வேறு. ஒரே மூச்சில் ஒரு பக்கம். நிமிர்ந்து பார்த்தேன்.

பக்கம் முழுக்க ஆங்கில எழுத்து. ஆங்கிலமாகவும் இல்லை. ஒரு வார்த்தைகூடத் தமிழில் இல்லை.

"போச்சு" என்றேன். "என்னங்க, வைரஸ் தமிழத் தின்னுடுச்சு."

"தமிழ மட்டுமா? ஆள் பாத்துத் திங்குதா?" என்று கேட்டபடி என் கணவர் வந்தார்.

கடைக்காரத் தம்பிக்கு போன் போட்டேன். பின்னணியில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது. "அக்கா, கல்யாணத்துல இருக்கேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றார். மூன்று தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். ஆங்கிலம்தான் வந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து செய்தி வந்தது. 'அக்கா, பத்தி?' அரை மணி நேரம் கழித்து மறுபடியும். இந்தத் தடவை இரண்டு கேள்விக்குறி.

தண்ணீர் குடிக்க வந்த தர்ஷினி என் பின்னால் நின்றாள். எனக்குத் தெரியும், ஆனால் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்று பயம்.

"அந்த 'அ' எங்க?" என்றாள்.

ஒரு நாளைக்குப் பிறகு அப்பா வழியாக வராத முதல் வார்த்தை.

"எந்த 'அ'?"

"கீழ, மணி காட்டுற இடத்துக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு குட்டி 'அ' இருக்கும்ல? அத அமுக்கிட்டுத்தானே தமிழ்ல எழுதுவீங்க?"

பார்த்தேன். இல்லை.

வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். அந்த 'அ' என்பது நான் தமிழ் தட்டும் புரோகிராம். கல்யாணத்துக்கு முன்னால், அச்சகத்தில் டைப் செட்டிங் செய்துகொண்டிருந்த ஒரு தோழி சிடியில் போட்டுக் கொடுத்தது. அப்புறம் நான் கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் என்னோடு கூடவே வந்தது. ஆங்கில விசையில் நான் ஏ, எம், எம், ஏ, ஏ என்று அழுத்துவேன், திரையில் அம்மா என்று வரும். எப்படி வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதற்கு 'அ' என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கும் என்றும் தோன்றியதில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். தள்ளினேன். தனிமைப்படுத்தப்பட்டவர்கள் பட்டியலைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கைதி. அவன் பெயர்மேல் தட்டி விவரத்தை எடுத்தாள்.

"இந்த ஃபைல் தேதியப் பாருங்கமா."

"என்ன?"

"நான் பொறக்கறதுக்கு நாலு வருஷத்துக்கு முந்தி. அப்புறம் எப்படி நான் போட்டிருப்பேன்?"

"அப்ப எங்களுக்குக் கல்யாணமே ஆகல" என்றார் என் கணவர். குடும்பத்தில் யாருக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சிவப்புப் பெட்டி பொய் சொல்லவில்லை. என் கீபோர்டுக்கு அடியில் ஒருவன் உட்கார்ந்து, நான் அழுத்துகிற ஒவ்வொரு விசையையும் கேட்டுக்கொண்டிருந்தது உண்மை. கேட்டால்தானே தமிழாக்கித் தர முடியும்? இருபது வருடத்துக்கு மேலாக அதைத்தான் செய்தான். புதிதாக வேலைக்கு வந்த காவலாளிக்கு அது எப்படித் தெரியும்? ஆள் என்ன செய்கிறான் என்பது அவனுக்குத் தெரிகிறது, யாருக்காகச் செய்கிறான் என்பது தெரியவில்லை.

காவலாளியைச் சொல்கிறேன். அதே வீட்டில் பதினேழு வருடம் பார்த்து வளர்த்தவளுக்கு என்ன சாக்கு?

தர்ஷினி 'மீட்டெடு' என்பதை அழுத்தினாள். ஒரு சின்னக் கட்டம் வந்தது. 'இந்தப் புரோகிராமை நம்புகிறீர்களா?' கீழே ஆம், இல்லை.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"நீங்களே அமுக்குங்க."

அமுக்கினேன். மூலையில் அந்தக் குட்டி 'அ' வந்து உட்கார்ந்தது. தோளில் யாரோ தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

"தர்ஷினி" என்றேன். திரையைப் பார்த்தபடியே சொன்னேன். சில விஷயங்களை நானும் முகம் பார்த்துச் சொல்ல முடியாதவள் என்று அப்போதுதான் கண்டுபிடித்தேன். "ஆபீஸ்ல அன்னைக்குக் கிளிக் பண்ணது யாருன்னு தெரியுமா?"

"யாரோன்னு சொன்னீங்க."

உங்களிடமும் 'யாரோ' என்றுதான் மேலே எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும்.

"நான்தான்" என்றேன்.

அப்புறம் ஒரு சிரிப்பு... சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களா? தெரியாத லிங்க்கைத் தொடாதேன்னு டெய்லி எங்களுக்கு மெசேஜ் போடுறவங்களா?"

"கன்டெய்னர் பிடிச்சு வச்சுட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. லோரிக்காரங்க காத்திருக்காங்களேன்னு..."

"பாஸ் ஏசுனாரா?"

"இல்ல. யாரு கிளிக் பண்ணதுன்னு மட்டும் கேட்டாரு."

சிரிப்பு நின்றது. "நேத்து நீங்க கேட்ட மாதிரியா?"

"அதே மாதிரி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கீபோர்டப் பாத்தேன்."

மூன்று வாரமாக நான் ஏன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன் என்று என் கணவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். எழுந்து போய்த் தேநீர் கலக்கிக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். அப்படியே குடித்தேன்.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளை நம்பலாமா?' என்ற பக்கத்தை முழுதாக அழித்தேன். அது ஆங்கில எழுத்திலேயே இருந்ததால் அழிப்பது சுலபமாகவும் இருந்தது. அடுத்து அந்தப் பிள்ளைக் கண்காணிப்பு.

"அதையும் எடுத்துடுமா" என்றேன்.

"வேணாம்மா. வாங்குனது வாங்கிட்டீங்க, வீணாக்க வேணாம்" என்றாள். இரண்டு நிமிடம் எதையோ தட்டினாள். "முடிஞ்சிருச்சு. பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு."

எட்டிப் பார்த்தேன். 'பிள்ளை 1' என்ற இடத்தில் என் பெயர்.

அதன்படி இந்தக் கம்ப்யூட்டரில் எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். சந்தேகமான பக்கம் எதையாவது திறந்தால் அறிவிப்பு அவள் போனுக்குப் போகும். இணைப்பு எதையும் அவளைக் கேட்காமல் தொடுவதில்லை என்று வாய்மொழியாக வேறு உறுதி வாங்கிக்கொண்டாள். ஆசிரியருக்கு இந்தப் பத்தியை அனுப்ப மட்டும் நிரந்தர அனுமதி உண்டு.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்பங்கரையில் அவள் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகிறேன். கரண்டிச் சத்தத்துக்கு நடுவில் கதை வந்துகொண்டிருக்கிறது. வேதியியல் டீச்சர் வெள்ளிக்கிழமை என்ன செய்தார் தெரியுமா? உங்களுக்குச் சொல்ல மாட்டேன். திரும்பாமல் "ம்" மட்டும் கொட்டுகிறேன்.

திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. இன்றைய நேரம் முடிய இன்னும் ஐந்து நிமிடம்தானாம், கூடுதல் நேரம் வேண்டுமென்றால் பெற்றோரைக் கேட்க வேண்டுமாம்.

கேட்டுவிட்டேன். யோசித்துச் சொல்கிறாளாம்.